உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வாழும் சூழலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாள் முழுவதும் உழைத்த களைப்போடும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தனிமனிதப் பழக்கமா, வாழும் சூழலா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், தண்ணீர் குடிக்கவும் நடக்கவும் நேரத்தோடு தூங்கவும் யாரும் காசு கேட்பதில்லை, இவற்றைச் செய்யாதவன் தன் நோயைத் தானே வளர்த்துக்கொள்கிறான் என்று சொல்லி அமர்ந்தார். அவர் சொன்ன மூன்றையுமே நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் தண்ணீர்.

என் சித்தி மகள் பிளஸ் டூ முடித்த கையோடு சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவாள். சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போக மீதிப் பொழுது முழுவதும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் யாரும் வராத மதிய வேளையிலும் சுவரில் சாயக் கூடாது. அவள் நின்றது முதல் மாடியில், பணியாளர் கழிப்பறை இருந்தது ஐந்தாவது மாடியில், லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லி, தன் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண், தன் அப்பா வயதுள்ள ஓர் ஆணிடம் ஒரு நாளில் எத்தனை முறை போய் அதைச் சொல்வாள்? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் அரை டம்ளர் காப்பி, மதியம் சோற்றோடு இரண்டு மடக்குத் தண்ணீர், அதன் பிறகு வீடு திரும்பும் வரை ஒன்றும் கிடையாது. இரண்டாவது ஆண்டில் விட்டு விட்டு நீர்க்கடுப்பு வந்தது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்தது. மருத்துவரிடம் போனபோது, "நிறையத் தண்ணீர் குடிக்கணும், ரொம்ப நேரம் நிற்கக் கூடாது" என்று அன்பாகத்தான் சொன்னார். மாத்திரைச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் அவள் அதே முதல் மாடியில் போய் நின்றாள்.

நடுவர் அவர்களே, தண்ணீர் குடிக்காதது அவளுடைய பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது நான்கு மாடிப் படியும் ஒரு கடையின் விதியும். இது அவள் ஒருத்தியின் கதையும் அன்று. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். கேரள அரசு 2018-இல் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. உட்காருவது தனிமனிதப் பழக்கம் என்றால் அதற்குச் சட்டமன்றம் எதற்காகக் கூட வேண்டும்?

நடைப்பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் பாதியை மின்பெட்டியும் மீதியை நிறுத்திய வண்டிகளும் பிடித்துக்கொண்ட தெருவில், அறுபத்தைந்து வயது மூதாட்டியை லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே நடக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றார் நண்பர். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்ணும், வார்டில் விழித்திருக்கும் செவிலியரும், இந்நேரம் ஏதோ ஓர் அடுக்ககத்தின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலாளியும் எப்படிப் பத்து மணிக்குப் படுப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்-இரவுச் சுழற்சியைக் குலைக்கும் இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007-இலேயே சேர்த்து, 2019-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. நாம் நிம்மதியாகத் தூங்குவதற்காக விழித்திருப்பவரைப் பார்த்து, உனக்குத் தூக்க ஒழுக்கம் இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது.

"இவையெல்லாம் ஏழைகளின் கதை, வசதி உள்ளவனுக்குப் பழக்கம்தானே எல்லாம்?" என்று எதிரணித் தலைவர் கேட்கக் கூடும். அதற்கான விடை லண்டனில் இருக்கிறது. 1967-இல் அங்கே அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்களை மருத்துவ ஆய்வாளர்கள் பரிசோதித்து, பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் இல்லை. எல்லோருக்கும் நிலையான வேலை இருந்தது. ஒரே நாட்டின் இலவச மருத்துவம் எல்லோருக்கும் கிடைத்தது. ஆயினும் உயர் பதவியில் இருந்தவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அளவுக்குக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தார்கள். பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க, இறப்பு ஒவ்வொரு படி ஏறியது. கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சி நின்றது. அதே ஊழியர் உலகில் பின்னால் நடந்த ஆய்வுகள், தன் வேலையின் மீது தனக்கே பிடி இல்லாத நிலை இதயத்தைப் பாதிக்கிறது என்று காட்டின. எப்போது எழலாம், எப்போது உட்காரலாம் என்பதைப் பிறர் முடிவு செய்யும் வாழ்க்கையைப் பற்றித்தான் நான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் புகைக்கிறான், தம்பி புகைப்பதில்லை. சூழல் ஒன்றாக இருக்க, விளைவு வேறாவது ஏன் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. மன உறுதிக்குப் பங்கே இல்லை என்று எங்கள் அணி சொல்லவில்லை. அந்தத் தம்பியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தலைப்பில் 'பெரிதும்' என்றொரு சொல் இருக்கிறது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்: பேருந்தில் முன் இருக்கைக்காரர் விட்ட பீடிப்புகையை நாம் இழுத்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 2003-இல் சட்டம் வந்து, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கும் தடை கடுமையானது. புகைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மன உறுதி பெற்றுவிடவில்லை, விதி மாறியது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது நம் ஒவ்வொருவர் அடுப்பங்கரையிலும் இருக்கிறது. கழுத்துக் கழலை வராமலும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றாமலும் இருக்க அயோடின் வேண்டும். அதற்காக எந்தத் தாயும் புதிய பழக்கம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006-இல் நாடு முழுவதும் தடை வந்தது. அதே கை அதே அளவு உப்பை அள்ளிப் போட்டது, குழந்தைக்கு வேண்டியது சேர்ந்தது. காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குக் காலை உணவின் அருமையைப் பாடமாக நடத்தியிருக்கலாம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தப் பிள்ளையின் தட்டில் உப்புமாவையும் கிச்சடியையும் வைத்தது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதை வாங்கிவர ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்தவருக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

நடுவர் அவர்களே, என் சித்தி மகள் இப்போது வேறொரு கடையில் இருக்கிறாள். அங்கே கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு முக்காலி போட்டிருக்கிறார்கள். கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறது, போக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. காலில் புடைத்த நரம்பு புடைத்தபடியேதான் இருக்கிறது. ஆனால் போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் கைப்பையைத் திறந்தபோது, உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதி காலியாக. அவளுக்கு யாரும் புதிதாக அறிவுரை சொல்லவில்லை.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.