விலையா, பழக்கமா? அப்பத்தாவுக்குச் சாமி வந்த கதை

நடுவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பந்தலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே பட்டிமன்றம் கேட்கிற தம்பிகளுக்கும் வணக்கம். குன்றக்குடி அடிகளார் பேசிப் பேசிப் பட்டிமன்றத்தை வளர்த்த சீமையில் மைக் பிடிக்கக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. சரி, பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தியாவசிய மருந்து ஏழைக்குப் பயன்படாமல் போவது விலையாலா, பழக்கத்தாலா? இதுதான் தலைப்பு. நான் பழக்கம் என்கிற அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பேராசிரியர் ஐயா, ஒரு புற்றுநோய் மருந்தைச் சொன்னார். மாசத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்து. 2012-இல் நம் அரசாங்கம் ஐதராபாத் கம்பெனி ஒன்றுக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீயும் அதைச் செய்து விற்கலாம் என்கிற அனுமதி, கொடுத்ததும் 8,800 ரூபாய்க்கு வந்தது. உண்மைதான் ஐயா, அதை நான் மறுத்தால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. ஆனால் உட்காரப் போகும்போது என்னைப் பார்த்து ஒரு குத்து குத்தினார். "மருந்துக்கடைக்காரர் வந்து நோயாளிக்குப் புத்தி சொல்வது, அடகுக்கடைக்காரர் வந்து 'ஏம்மா கழுத்து வெறுங்கழுத்தா இருக்கு'ன்னு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் அடகுக்கடை அண்ணனே தட்டினார், நான் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் எங்க அப்பத்தா.

அப்பத்தா ஒரு செட்டியார் வீட்டில் அடுப்படி வேலை பார்த்தவள். அந்த வீட்டு ஆச்சி கொடுத்த பினாங்கு பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தாள். அதில்தான் மாத்திரை எல்லாம். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த கோடாலித் தைலம், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து, தாத்தா காலமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அவருடைய மூட்டுவலி மாத்திரை, எல்லாம் அதற்குள்ளேதான். "காசு குடுத்து வாங்கலேன்னாலும் மருந்தை வீசலாமா, பாவமில்லே" என்பாள். எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும். காலையில் வெள்ளை, ராத்திரி பெரிய வெள்ளை, அவ்வளவுதான் அவளுடைய வைத்திய சாஸ்திரம்.

ஒரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வேறு கம்பெனியிலிருந்து வந்தது. அதே மருந்து, அதே அளவு. நிறம் மட்டும் வெள்ளை போய் ரோஸ். அப்பத்தா என்ன நினைத்தாள்? டாக்டரு கூடுதலா ஒண்ணு எழுதியிருக்காரு! டின்னில் இருக்கிற பழைய வெள்ளையும் சாப்பிட்டாள், புது ரோஸையும் சாப்பிட்டாள். அன்றைக்குப் பங்குனிப் பொங்கல். அம்மனுக்கு விரதம் வேறு. வெறும் வயிறு, இரட்டை மாத்திரை.

கோயில் வாசலில் மேளம் உச்சத்தில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு வேர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் சொருகுகிறது, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. பக்கத்தில் நின்றவள் போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! "சாமி வந்துருச்சுடீ!" ஒரு ஆள் ஓடிவந்து வேப்பிலையைக் கையில் கொடுக்கிறார். பூசாரி விபூதித் தட்டோடு வருகிறார். ஒருத்தர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டார். "தாயே, வாய் தொறந்து சொல்லு, என்ன வேணும் உனக்கு?"

அப்பத்தா நாக்கு வறண்டு, "தண்ணி... தண்ணி..." என்கிறாள்.

கூட்டம் கத்துகிறது: "ஆத்தா சொல்லிட்டா! இந்த வருஷம் மழை உண்டு!"

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள், மறுபடியும் சொல்கிறேன். கிழவிக்குச் சர்க்கரை இறங்கி உயிர் போகிறது, தண்ணி கேட்கிறாள், ஊர் மழைக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு போகிறது! எங்க பெரியப்பா அதிலேயும் விவரம், "ஆத்தா, கண்மாய் நிறையுமா?" என்று கேட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நான் ஒரு டம்ளர் சீனித்தண்ணியை அவள் வாயில் ஊற்றினேன். பூசாரி என்னை முறைத்தார். பத்து நிமிஷத்தில் சாமி மலையேறிவிட்டது. அப்பத்தா கண்ணைத் திறந்து மடியைப் பார்க்கிறாள், முப்பத்தைந்து ரூபாய் காணிக்கை கிடக்கிறது. அதை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டுதான் எழுந்தாள். மழை பெய்ததா என்று கேட்கிறீர்கள். இரண்டாம் நாளே பெய்தது நடுவர் அவர்களே, அதனால் இன்றைக்கு வரைக்கும் எங்க ஊரில் என் பேச்சு எடுபடுவதில்லை.

பேராசிரியர் ஐயா, அந்த மாத்திரையின் விலை என்ன? சைபர். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் போட்டு, கணக்கில் உள்ள அளவுக்கு மருந்தை எடுத்துக்கொள் என்றார்கள். பாஸ்புக் என்றதும் நம்ம ஊர்ப் பெரியவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள். மற்ற மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போனார்கள். காசநோய்க்கும் அப்படித்தான், முழு மருந்தும் இலவசம், சாதாரணக் காசநோய் என்றால் ஆறு மாசம். நம்ம ஆள் இரண்டாம் மாசம் இருமல் நின்றதும் நிறுத்திவிடுவான். அப்புறம் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. இதில் விலை எங்கே ஐயா வந்தது?

சரி, அடகுக்கடைக்கு வருகிறேன். ஐயா குத்தினது சரியான இடத்தில்தான். 22 வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று நீட்டுவீர்கள். நான்கு மாத்திரையைக் கத்தரித்து, பெயர் இருக்கிற பக்கம் என்னிடம் தங்குகிற மாதிரி பார்த்துக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். பெயர் தெரிந்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவீர்களே! சில அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்காதே என்று அர்த்தம். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரி வைத்திருக்கிறேன். குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். விலை குறைந்த ஜெனரிக் எடுத்துக் கொடுத்தால், "இது நல்லாக் கேக்குமா?" என்று திருப்பிக் கொடுத்து, அதே மருந்தை மூன்று மடங்கு காசு கொடுத்து வாங்கிப் போவீர்கள், அது யார் குற்றம்? ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம், குளுக்கோஸ் ஏற்றினால்தான் நமக்குக் கால் தரையில் நிற்கும்.

இவ்வளவு பேசுகிற பேராசிரியர் ஐயா, போன மார்கழியில், மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு நம்ம கடைக்குத்தான் வந்தார். வெறும் சளி. சளிக்குக் காரணம் வைரஸ், அதற்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டும் இல்லை. "தம்பி, போன தடவை குடுத்தியே, அந்த காப்ஸ்யூல் ஆறு" என்றார். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். விலையே காரணம் என்றாரே, அன்றைக்கு விலையைக் கேட்டாரா என்று நடுவர் கேட்டுச் சொல்லட்டும்! துண்டை வைத்து முகத்தை மூடுகிறார் பாருங்கள், சளி இன்னும் விடவில்லை போல. கொடுத்தாயா என்று கேட்டால், கொடுத்தேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று மீதியை வைத்துக்கொண்டிருப்பார், வீட்டில் பாருங்கள் அம்மா, ஏதாவது டின்னில் இருக்கும்.

டின் என்றதும்... ஒரு நிமிஷம் நடுவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம்.

அப்பத்தாவுக்குப் பின்னால் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டது. 2019-இல் பக்கவாதம் வந்தது, ஐந்தாம் நாள் போய்விட்டாள். கருமாதி முடிந்து அந்தப் பினாங்கு டின்னைத் திறந்தோம். மேலே கோடாலித் தைலம். தாத்தாவின் மாத்திரை. அடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அவிழ்த்தால் உள்ளே முழுக்கப் பாதி மாத்திரை. கொதிப்பு மாத்திரையை அரிவாள்மனையில் வைத்து நறுக்கி, தினம் பாதிதான் சாப்பிட்டிருக்கிறாள். விளிம்பெல்லாம் மாவு மாவாக உதிர்ந்திருந்தது.

மருந்து இலவசம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். கூட்டிப் போக அப்பா வேண்டும். அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நாள் கூலி, போனால் அன்றைக்குக் கூலி இல்லை. "அடுத்த மாசம் போய்க்கலாம்டா, மாத்திரை இன்னும் இருக்கு" என்பாள். இருந்தது. எப்படி இருந்தது என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. தினம் நூறு பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான், ஒரு நாள் அந்த டின்னைத் திறந்து பார்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் அரசாங்கத்தில் வீட்டு வாசலுக்கே கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்க தெருவுக்கு அந்த மாத்திரை கொடுக்கிற பொண்ணு முதல் தடவை வந்தபோது அப்பா பெயர் எழுதக் கூடத் தோன்றாமல் அவள் கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் ஐயா என்னமோ எழுதிக்கொள்கிறார். பஸ் செலவும் கூலியும் விலைதானே, இவன் நம்ம அணிக்கே பேசிவிட்டானே என்று எழுதுகிறார். எழுதட்டும். நான் அன்றைக்கு அந்தப் பாதிகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.