ஆட்டம் இல்லாத 324 நாட்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வளர்ந்து வரும் நகர மையத்துக்கு உயிர் கொடுப்பது விளையாட்டு அணியும் நட்சத்திர ஹோட்டலுமா, அங்கே குடியிருக்கும் மக்களா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. குடியிருக்கும் மக்களே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரு சங்கிலியைக் கோத்துக் காட்டினார். அணி வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஹோட்டல் எழும், ஹோட்டலில் தங்கும் வெளியூர்க்காரர்கள் கட்டும் அறை வரியே அரங்கத்தின் கடனை அடைத்துவிடும் என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே கணக்கு உதைக்கிறது.

அமெரிக்காவில் ஒரு என்பிஏ கூடைப்பந்து அணி வழக்கமான பருவத்தில் தன் சொந்த அரங்கில் ஆடுவது 41 ஆட்டங்கள். என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் ஆடும் அணிக்கு எட்டோ ஒன்பதோதான். ஆண்டுக்கு 365 நாட்கள் என்றால், கூடைப்பந்து அரங்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு ஆட்டம் இல்லாத நாட்கள் 324. இசை நிகழ்ச்சிகளுக்கும் மாநாடுகளுக்கும் தாராளமாகவே கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் வெறுமையான நாட்களே மிஞ்சும்.

அப்படி ஒரு நாளில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், நடுவர் அவர்களே. சன்னலே இல்லாத நீண்ட சுவர், பூட்டிய கதவுகள், எதிரே ஆயிரம் வண்டிகள் நிற்கக்கூடிய நிறுத்துமிடத்தில் ஒரு மூலையில் நான்கு வண்டிகள். ஆட்ட நாளன்று பத்துப் பேரை வேலைக்கு அழைக்கும் உணவக உரிமையாளர், மறுநாள் இரண்டு பேரோடு கடையைத் திறந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த எட்டுப் பேருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த ஆட்டம் எப்போது என்று அட்டவணையைப் பார்ப்பதுதான் அவர்களுடைய வாழ்க்கை. அந்தப் பகுதியில் மருந்துக்கடையும் மளிகைக்கடையும் இருக்காது, ஏனென்றால் 41 இரவுகளை நம்பி யாரும் மருந்துக்கடை வைப்பதில்லை.

கூட்டம் செலவழிக்கும் பணம் புதிய பணம் என்பது எதிரணியின் அடுத்த நம்பிக்கை. ஒரு குடும்பம் மாதந்தோறும் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் தொகை ஓர் அளவுக்குள்தான் இருக்கும். அரங்கத்தில் செலவழித்த குடும்பம் அந்த மாதம் தன் வீட்டருகே உள்ள திரையரங்குக்கும் உணவகத்துக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறது. பணம் இடம் மாறியதே தவிரப் பெருகவில்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1997-இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் சொல்லின. அதன்பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவையும் அதே முடிவுக்கே வந்திருக்கின்றன.

இனி ஹோட்டலுக்கு வருகிறேன். பால்டிமோர் நகரத்தின் கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் அரங்கம் 1992-இல் திறக்கப்பட்டது. நகர மையத்து அரங்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதன் அழகை நானும் மதிக்கிறேன். எதிரணியின் சங்கிலி உண்மையானால், ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் நடக்கும் அந்த அரங்கத்தின் பக்கத்தில் தனியார் முதலாளிகள் முண்டியடித்துக்கொண்டு ஹோட்டல் கட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? மாநாட்டு மையத்துக்கு அருகே பெரிய ஹோட்டல் வேண்டும் என்று நகர நிர்வாகமே ஏறத்தாழ 30 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, 757 அறைகளோடு 2008-இல் ஒன்றைக் கட்டித் திறந்தது. அது பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துகொண்டிருந்த நகரத்தின் தோற்றத்தையும் அந்தக் கட்டடம் மறைத்துவிட்டது. அறை வரியை வெளியூர்க்காரர்தானே கட்டுகிறார் என்கிறார்கள். கட்டட்டும், ஆனால் கடனுக்கு அடகு வைத்த வரியிலிருந்து நகரத்தின் பேருந்துக்கும் நூலகத்துக்கும் ஒரு காசு எடுக்க முடியாது. அறைகள் காலியாகக் கிடக்கும் ஆண்டில் துண்டு விழுவதை உள்ளூர்க்காரர்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அதைவிடக் கொடுமை, அணி கிளம்பிப் போய்விட்டால் வருவது. செயின்ட் லூயிஸ் நகரம் பொதுப்பணத்தில் கட்டிய அரங்கத்துக்கு என்எஃப்எல் அணியான ராம்ஸ் 1995-இல் குடிவந்தது. நாட்டின் முதல் தர அரங்கங்களில் ஒன்றாக அது தொடர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி விலகலாம் என்ற நிபந்தனை குத்தகை ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2016-இல் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிற்று. கடன் மட்டும் செயின்ட் லூயிஸோடு தங்கிவிட்டது. அரங்கமே இல்லாமல் போனாலும் கடன் போகாது. சியாட்டில் நகரத்தின் கிங்டோம் அரங்கம் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடித்துத் தரைமட்டமாக்கிய அந்தக் கட்டடத்துக்கு மக்கள் 2015 வரை கடன் கட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எதிரணி நண்பர் ஓக்லஹோமா சிட்டியைப் பெருமையோடு குறிப்பிட்டார். தண்டர் என்ற என்பிஏ அணி வந்ததால்தான் அந்த நகரம் தலைநிமிர்ந்தது என்றார். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1991-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பராமரிப்பு மையத்தைக் கொண்டுவர அந்த நகரம் அள்ளிக் கொடுக்க முன்வந்தும் நிறுவனம் இண்டியானாபோலிஸைத் தேர்ந்தெடுத்தது. தங்கள் ஊழியர்கள் குடியிருக்க விரும்பும் ஊராக அது இல்லை என்பதே மேயர் ரான் நோரிக்குக்குக் கிடைத்த பதில். அந்த அடிக்குப் பின் 1993-இல் மக்கள் தங்கள் மேல் தாங்களே டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியை விதித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் அரங்கமும் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் கூடவே நூலகமும் கால்வாயும் எழுந்தன, இசை மண்டபம் புதுப்பிக்கப்பட்டது, எல்லாம் கடன் வாங்காமல். 2001-இல் பள்ளிகளுக்காக மறுபடியும் வரிக்கு வாக்களித்தார்கள். தண்டர் அணி வந்தது 2008-இல். குடியிருக்கத் தகுந்த ஊராக மாற 15 ஆண்டுகள் உழைத்த பிறகுதான் அணி வந்தது. சட்டியில் இருந்ததால் அகப்பையில் வந்தது, நடுவர் அவர்களே. அகப்பை வந்து சட்டியை நிரப்பவில்லை.

பொதுப்பணம் தராவிட்டால் அரங்கமே வராது என்று மிரட்டுவோருக்கு ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸைக் காட்டுகிறேன். அங்கே 1997-இல் அரங்கத்துக்கான வரியை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். நேஷன்வைட் காப்பீட்டு நிறுவனம் முன்னின்று தனியார் பணத்தில் அரங்கத்தைக் கட்டி 2000-இல் திறந்தது. பழைய மாநிலச் சிறைச்சாலை இருந்த நிலத்தையும் சேர்த்து அங்கே அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் வந்தன. அரங்கத்தை நடத்துவதில் நட்டம் என்று அங்கே ஆடிய ஐஸ் ஹாக்கி அணி முறையிட்டதால் 2012-இல் அதைப் பொது அமைப்பு விலைக்கு வாங்க நேர்ந்தது. அரங்கம் தன் காலில் நிற்கவில்லை. சுற்றிலும் எழுந்த வீடுகளும் அலுவலகங்களும் நின்றன. ஆட்டம் இல்லாத இரவிலும் அந்த வீடுகளுக்குத் திரும்பி வர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்கம் தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.