மட்டக்களப்பின் போர்த்துக்கேயம்: சொல் லிஸ்பனுடையது, வாக்கியம் நம்முடையது

[திரையில்: ஒரு வீட்டின் குசினி. மேசையில் பாண், சம்பல், தேநீர்.]

இலங்கைத் தமிழ் வீடு ஒன்றில் காலை நேரம். அம்மா குசினியில் நிற்கிறார். அப்பா கதிரையை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பாணைப் பிய்த்துச் சம்பலில் தொடுகிறார். மகன் துவாயால் தலையைத் துடைத்தபடி அலுமாரியில் லேஞ்சி தேடுகிறான். நேரமாகிவிட்டது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். யன்னல் திறந்தே கிடக்கிறது.

நான் இப்போது சொன்னதில் ஒன்பது பொருள்களின் பெயர்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. குசினி, கதிரை, மேசை, பாண், துவாய், அலுமாரி, லேஞ்சி, சப்பாத்து, யன்னல். தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவற்றில் சில புதிதாக இருக்கலாம்: குசினி சமையலறை, கதிரை நாற்காலி, பாண் ரொட்டி, துவாய் துண்டு, லேஞ்சி கைக்குட்டை, சப்பாத்து காலணி. ஆனால் நீங்கள் சாவி என்கிறீர்களே, அதுவும் அதே கப்பலில் வந்ததுதான். நாங்கள் அதைத் திறப்பு என்போம்.

சொற்கள் இப்படி நம்மிடம் வந்த கதை பலருக்கும் தெரியும். நம்மிடமிருந்து அந்தப் பக்கம் போனது என்ன என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பில் இன்னமும் பேசப்படும் ஒரு மொழிக்குள் தமிழ் இலக்கணம் குடியிருக்கிறது. இந்த வீடியோ அந்த மொழியைப் பற்றியது.

[திரையில்: மட்டக்களப்பு வாவி. புளியந்தீவுக் கோட்டையின் மதில்.]

மட்டக்களப்பில் பறங்கியர் என்று நாம் அழைக்கும் மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த (டச்சு) வழித்தோன்றல்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தச்சு வேலை, இரும்பு வேலை, இயந்திரம் பழுதுபார்ப்பது என்று கைத்தொழிலில் பெயர் எடுத்தவர்கள். வெளியே நம்மோடு தமிழ் பேசுவார்கள், நம்மைப் போலவே பேசுவார்கள். வீட்டுக்குள், குறிப்பாக மூத்தவர்களுக்கு இடையில், இன்னொரு மொழி இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்கிறார்கள்.

கிரியோல் என்றால் என்ன? ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத மக்கள் வணிகத்தாலோ படையெடுப்பாலோ அடிமை முறையாலோ ஓரிடத்தில் சேர்ந்து வாழ நேர்கிறது. எப்படியாவது பேசியாக வேண்டும். அந்தத் தேவையில் பிறந்த பேச்சு, பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிறது. அப்படித் தாய்மொழியானதும் அதற்கு முழு இலக்கணம் வந்துவிடுகிறது. ஹெய்ட்டியிலும் மொரீசியசிலும் நடந்தது இதுதான். மட்டக்களப்பிலும் இதுதான்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் கட்டியது 1628இல். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை போர்த்துக்கேயரின் கையில் இருந்தது பத்தே ஆண்டுகள். அவர்கள் போய் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. மொழி போகவில்லை.

ஏன் போகவில்லை? கோட்டை கைமாறியபோது அதைச் சுற்றி வாழ்ந்த மக்கள் கைமாறவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள் பெரும்பாலும் தனியாக வந்த ஆண்கள். போர்த்துக்கேயம் பேசும் குடும்பங்களில் அவர்கள் பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசின. அடிமைகள், பணியாளர்கள், துறைமுகத்து வணிகர்கள் எல்லோருக்கும் அதுவே பொதுமொழி. ஒல்லாந்த நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஒல்லாந்த மொழி தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்று கூட 17ஆம் நூற்றாண்டில் உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். தலையை மழிக்கலாம், நாவை என்ன செய்வது? 1796இல் ஆங்கிலேயர் வந்தபோது கரையோர நகரங்களில் கிரியோல் தழைத்துக்கொண்டிருந்தது. வெஸ்லியன் சபையின் கிறிஸ்தவ மிஷனரிகள் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டையே அந்த மொழியில் பெயர்த்து அச்சிட்டார்கள் என்றால் எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

[திரையில்: கரும்பலகை. சொற்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன.]

இப்போது மொழிக்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சற்று நிதானமாகவே பார்ப்போம்.

வீடு என்பதற்குப் போர்த்துக்கேயச் சொல் காசா. மரியாவின் வீடு என்று போர்த்துக்கலின் தலைநகர் லிஸ்பனில் சொல்ல வேண்டுமானால் "காசா தா மரியா". வீடு முதலில் வரும், உடையவள் கடைசியில் வருவாள். மட்டக்களப்பில் அது "மரியாசு காசா". உடையவள் முன்னால் வந்துவிட்டாள். அவளுடைய பெயரோடு "சு" ஒட்டிக்கொண்டது. மரியா-வின் வீடு, மரியா-சு காசா. விரலை வைத்துப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். அந்த "சு" எங்கிருந்து வந்தது? அவனுடைய, அவளுடைய என்று பொருள் தரும் "சுவா" என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து. தனிச்சொல்லாக இருந்ததை எடுத்து வேற்றுமை உருபாக்கிவிட்டார்கள்.

அடுத்தது, வீட்டில். போர்த்துக்கேயத்தில் "இல்" என்பதற்கு ஈடான சொல் பெயருக்கு முன்னால் வரும். கிரியோலில் "காசாந்து". உருபு பின்னால் ஒட்டுகிறது. சேர்ந்து, அருகில் என்று பொருள்படும் "ஜுந்து" தேய்ந்து "ந்து" ஆகியிருக்கிறது. மரம் அவர்களுடையது, இழைத்த விதம் நம்முடையது.

எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயன் இதை வேறு விதமாகச் சிந்திக்கிறான். "நான்" என்பதை எழுவாயாக்கி, அந்த நான் ஒரு வீட்டைக் கொண்டிருப்பதாகச் சொல்கிறான். தமிழனுக்கு "நான்" அங்கே தேவையில்லை. வீடு இருக்கிறது, அது எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான். மட்டக்களப்புக் கிரியோலில் "பரிம் காசா தேம்". பரிம் என்றால் எனக்கு. காசா, வீடு. தேம், இருக்கிறது. வினை கடைசியில், நம் வழக்கம் போலவே. சொற்களில் ஒன்றுகூடத் தமிழில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைத் தமிழ் காதால் கேட்டால் வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கிறது.

இன்னும் ஒன்று. "வருகிறேன் என்று சொன்னான்" என்கிறோம். அந்த "என்று" எங்கே பிறந்தது? "என்" என்ற பழைய வினையில். அதற்குச் சொல்லுதல் என்று பொருள். என்று என்பது உண்மையில் "சொல்லி" என்ற எச்சம்தான். நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசி அந்த வேர் நமக்கே மறந்துவிட்டது. கிரியோல் பேசியவர்களுக்கு மறக்கவில்லை. அவர்கள் அந்த இடத்தில் "ஃபலாத்து" என்கிறார்கள். ஃபலா என்றால் சொல். ஃபலாத்து என்றால் சொல்லி. நம் மொழியின் உள்தையலை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இலக்கணப் புத்தகம் படித்து அல்ல, பக்கத்து வீட்டில் பல தலைமுறை வாழ்ந்து.

எல்லாமே தமிழாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். காலம் காட்டும் உறுப்பு வினைக்கு முன்னால் நிற்கிறது. "ஜா" வந்தால் இறந்தகாலம், "தா" வந்தால் நிகழ்காலம், "லோ" வந்தால் எதிர்காலம். சொன்னேன், சொன்னாள், சொன்னார்கள் எல்லாவற்றுக்கும் "ஜாஃபலா" ஒன்றே போதும். திணை, பால், எண் பார்த்து விகுதி மாற்றும் சுமை இல்லை. இது தமிழும் அல்ல, போர்த்துக்கேயமும் அல்ல. இந்த மொழிக்கே உரிய நடை.

கோவாவைச் சேர்ந்த பாதிரியாரும் மொழியறிஞருமான செபஸ்தியாவோ ரொடோல்ஃபோ தல்காது இலங்கைக் கிரியோலைப் பற்றி 1900இலேயே நூல் வெளியிட்டார். 1970களில் மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் தங்கி, தமிழோடு இந்த மொழி எவ்வளவு ஆழமாக ஒன்றியிருக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். இத்தனைக்குப் பிறகும் இதைக் "கொச்சைப் போர்த்துக்கேயம்", "உடைந்த மொழி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு மனம் வலிக்கிறது. "காசாந்து" சரியா தவறா என்று லிஸ்பனின் இலக்கணத்தை வைத்து அளப்பது, தமிழை வடமொழி இலக்கணத்தால் அளப்பதைப் போன்றது.

[திரையில்: வயலின் வாசிக்கும் கைகள். இசை மெல்லத் தொடங்குகிறது.]

மொழி தேய்ந்த இடத்திலும் இசை நிற்கிறது. பறங்கியர் கல்யாண வீட்டில் வயலின், கித்தார், தோற்கருவி முழங்க கஃப்ரிஞ்ஞா ஆடுவார்கள். ஆணும் பெண்ணும் இணை இணையாக நின்று ஆடும் ஆட்டம். பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்த மக்களை "காப்பிரி" என்றார்கள். அந்தச் சொல்லோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்து கஃப்ரிஞ்ஞா ஆயிற்று. வேறு நாடுகளில் வசைச்சொல்லாகிவிட்ட அந்தப் பெயரை இலங்கையில் அந்தச் சமூகத்தவரே தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய வயலினும் ஆப்பிரிக்கத் தாளமும் ஒரே பந்தலின் கீழ் சேர்ந்த ஆட்டம் அது.

தாளத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். தகிட தகிட, தகிட தகிட. மும்மூன்றாக ஆறு. நம் ஊர் மொழியில் திச்ர நடை. நின்ற இடத்தில் நிற்கவிடாது, இடுப்பு தானாக அசையும். இந்தத் தாளத்தின் மேல் சிங்களச் சொற்கள் ஏறியபோது பைலா என்ற பாட்டு வகை பிறந்தது. பாடகர் வாலி பாஸ்டியன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை நாடு முழுவதும் கொண்டுசென்றார். பைலா என்ற பெயரும் ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. 1970களில் சிலோன் மனோகரின் சுராங்கனி தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்ததே, நினைவிருக்கிறதா? அந்தத் துள்ளல் இந்தப் பைலா வழியில் வந்ததுதான்.

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்று ஒரு கிராமம். பிரித்தானியப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களின் வழித்தோன்றல்கள் சிலர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய பாட்டு வகைக்கு மஞ்ஞா என்று பெயர். சிறிய சிறிய அடிகள். மெதுவாகத் தொடங்கும். ரபானா என்ற தோற்கருவியும் தேங்காய்ச் சிரட்டையும், கரண்டியால் தட்டும் போத்தலும் சேரச் சேர வேகம் ஏறிக்கொண்டே போகும். சொற்கள் கிரியோல். வீட்டில் பேசுவது இப்போது சிங்களம். பாடுகிறவர்களுக்கே பல வரிகளின் பொருள் தெரியாது. ஆனாலும் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள். பொருள் போன பிறகும் பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் சேகரித்த கையெழுத்துப் பிரதிகளில் இத்தகைய கிரியோல் பாடல்களும் உள்ளன. அவை இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் மட்டக்களப்புப் பாட்டு என்று தனியாகவே குறிக்கப்பட்ட பகுதியும் உண்டு.

[திரையில்: கடற்கரை. அலை. இசை நின்றுவிடுகிறது.]

1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு நாட்டின் பறங்கியரில் பெருந்தொகையினர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கிழக்கில் நிலைத்தவர்களை உள்நாட்டுப் போர் நெருக்கியது. பள்ளிக்கூடம் தமிழில், வேலை ஆங்கிலத்தில், வீட்டுமொழிக்கு எங்கும் இடமில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. மட்டக்களப்பின் டச்சுபார், கடலும் வாவியும் நெருங்கும் மணல்திட்டு. பறங்கியர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். சுனாமி அதை வாரிக்கொண்டு போனது. பலர் இறந்தார்கள், மிஞ்சியவர்கள் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். ஒரு மொழிக்கு அடுத்தடுத்த வீடுகள் வேண்டும். வேலிக்கு மேலாகப் பேசிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலிகளையே கடல் கொண்டுபோய்விட்டது.

லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூகோ கர்தோசோவின் குழு 2015 முதல் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இந்த மொழியை ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து, அழிநிலை மொழிகளுக்கான காப்பகத்தில் சேர்த்திருக்கிறது. பேச்சு, கதை, பாட்டு, ஆட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. பெரிய வேலை. ஆனால் 2015க்கு முந்திய குரல்கள் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கின்றன.

எங்கே? நம் வீடுகளில். 1980களிலும் 90களிலும் மட்டக்களப்பில் நடந்த கல்யாணங்களின் வீடியோ கசெட்டுகள் இன்னும் பல அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பறங்கியர் நண்பரின் கல்யாணத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள், உங்கள் மாமாவின் கமெராவும் ஓடியிருக்கும். அதில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் வயலின் கேட்கும், யாரோ ஒரு பாட்டி பாடிக்கொண்டிருப்பார். அந்தக் கசெட்டை எறிந்துவிடாதீர்கள். கணினிக்கு மாற்றுங்கள். முதலில் அதை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பாடுவது யார், எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று அவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, கசெட்டோடு சேர்த்து வையுங்கள்.

[திரையில்: பழைய கசெட் ஒன்று இயந்திரத்துக்குள் போகிறது. வயலின் ஒலி.]