பசுமைக் கட்சிக்கு அந்த ஒரு தொகுதி மட்டும் எப்படி?

அடுத்த கேள்வி. ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "அண்ணா, 2025 தேர்தலில் கனடா முழுவதும் பசுமைக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். எலிசபெத் மே அந்தத் தீவுத் தொகுதியில் மட்டும் எப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்? அங்கே எல்லாரும் பசுமைக் கட்சிக்காரர்களா?"

இல்லை தம்பி. அதுதான் இந்தக் கதையில் வேடிக்கையே.

தொகுதியின் பெயர் சானிச்–கல்ஃப் ஐலண்ட்ஸ். கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் தஞ்சம் தேடிய நம் இலங்கைத் தமிழர் 492 பேருடன் வந்த 'சன் சீ' கப்பலை எஸ்குவைமால்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள் அல்லவா? அங்கிருந்து வடக்கே போனால் சானிச் தீபகற்பம். அதன் நுனியில் ஸ்வார்ட்ஸ் பே படகுத்துறை. அதற்கப்பால் சால்ட் ஸ்பிரிங், பெண்டர், மேய்ன், காலியானோ, சாட்டர்னா தீவுகள். இவற்றிலிருந்து வான்கூவர் தீவுக்குப் பாலம் கிடையாது. சால்ட் ஸ்பிரிங்கில் மட்டும் 11,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அவர்களிடம் வாக்குக் கேட்க வேண்டுமானால் வேட்பாளர் படகு நேரம் பார்த்துத்தான் புறப்பட வேண்டும்.

இந்தப் பெயரில் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைக் கண்டது 1988-இல். அதற்கு முன் சானிச் பகுதி எஸ்குவைமால்ட்–சானிச் தொகுதியில் இருந்தது. புதிய தொகுதியில் முதலில் வென்றவர் புதிய சனநாயகக் கட்சியின் லின் ஹண்டர். 1993-இல் ரிஃபார்ம் கட்சியின் ஜாக் ஃப்ரேசர். 1997-இலிருந்து கேரி லன். ரிஃபார்ம், அலையன்ஸ், கன்சர்வேடிவ் என்று கட்சியின் பெயர் மாறியதே தவிர ஆள் மாறவில்லை. 14 ஆண்டுகள் அவர்தான்.

இப்போது 2008-க்கு வருவோம். லன்னை வீழ்த்த லிபரல் கட்சி சுற்றுச்சூழல் ஆர்வலரான பிரையனி பென்னை நிறுத்தியது. தேர்தல் நெருங்கிய நேரத்தில் புதிய சனநாயகக் கட்சியின் வேட்பாளர் விலகிவிட்டார். ஆனால் பெயரை நீக்குவதற்கான காலக்கெடு கடந்துவிட்டது. வாக்குச்சீட்டில் பெயர் அப்படியே இருந்தது. கனடாவில் வாக்களித்தவர்களுக்குத் தெரியும்: கறுப்புச் சீட்டு, பெயருக்கு எதிரே வெள்ளை வட்டம், கையில் ஒரு பென்சில். போட்டியில் இல்லாத அந்த மனிதரின் வட்டத்தில் 3,667 பேர் புள்ளடி போட்டார்கள். லன் ஜெயித்ததோ 2,621 வாக்கு வித்தியாசத்தில்! புதிய சனநாயகக் கட்சிக்கே வாக்களியுங்கள் என்று கடைசி நேரத்தில் பல வீடுகளுக்குப் பதிவு செய்த தொலைபேசி அழைப்புகள் போயின. யார் செய்தார்கள் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த 3,667 வாக்குகளும் பென்னுக்குத்தான் போயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லன்னுக்கு எதிரான வாக்கு சிதறியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே தேர்தலில் பசுமைக் கட்சி நாடு முழுவதும் 9.37 லட்சம் வாக்குகள் வாங்கியது. இடம்? பூஜ்யம். கட்சித் தலைவரான மே, நாட்டின் எதிர்முனையில், கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில், கன்சர்வேடிவ் கட்சியின் பீட்டர் மெக்கேயிடம் தோற்றுப்போனார். பிறகு கட்சி கணக்குப் போட்டுப் பார்த்தது. மே கரைவிட்டுக் கரை வந்து சிட்னியில் குடியேறினார். ஆஸ்திரேலியா அல்ல, இந்தத் தொகுதியிலேயே உள்ள சிறிய ஊர். 2011-இல் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் அவருக்கு இடம் தரவில்லை. நாடு சுற்றுவதையும் குறைத்துக்கொண்டு பெரும்பாலும் தொகுதியிலேயே வேலை செய்தார். லன்னை 7,300-க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். அந்த முறை கட்சியின் மொத்த வாக்கு ஏறத்தாழ 5.7 லட்சமாகச் சரிந்திருந்தது. வாக்குக் குறைந்தது, இடம் கிடைத்தது! நம் தேர்தல் முறையில் எத்தனை வாக்கு என்பதைவிட எங்கே விழுந்த வாக்கு என்பதே பெரிது.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். எலிசபெத் மேதான் முதல் பசுமை எம்.பி. என்று எழுதுகிறார்கள். 2008-இலேயே பிளேர் வில்சன் என்ற எம்.பி. பதவியில் இருக்கும்போதே அக்கட்சியில் சேர்ந்தார். லிபரலாக வென்றவர் அவர். பசுமைக் கட்சியின் பெயரில் போட்டியிட்டு வென்ற முதல் ஆள்தான் மே. அவர் வென்ற அதே 2011 தேர்தல் இரவில்தான் ராதிகா சிற்சபைஈசனும் கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனார்.

பிரதிநிதித்துவம் என்று பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். மேய்ன் தீவில் தக்காளி பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களை 1942-இல் வெளியேற்றினார்கள். அவர்களுக்கு அப்போது வாக்குரிமையே கிடையாது. 1940-களின் இறுதியில்தான் வந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான வசானிச் மக்கள் பூர்வகுடி என்ற தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் மத்தியத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருந்தார்கள்.

எல்லாரும் பசுமைக் கட்சிக்காரர்களா என்று கேட்டீர்களே தம்பி. 2008-இல் எதிர்வாக்கு சிதறியதால் தப்பித்த லன் வாங்கியது 43 சதவீதம். 2025-இல் மே ஜெயித்தது 40-க்கும் குறைவான சதவீதத்தில். மீதி வாக்கில் பெரும்பகுதி லிபரலுக்கும் கன்சர்வேடிவுக்குமாகப் பிரிந்துபோனது.