தீப்பந்த ஏரியும் அதன் ஊர்ப்பெயரும்
(தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியது)

சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தமிழ்ப்பள்ளி முதல்வர் அம்மா அவர்களே (கடைசிக் கோரிக்கை உங்களுக்குத்தான், அதுவரை இருக்க வேண்டும்), காலையிலிருந்து சமையற்கட்டில் நின்ற தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே வட அமெரிக்காவில் நம்மைச் சுற்றி பிரெஞ்சுப் பெயருள்ள ஏரிகள் நிறைய. யார் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள், அதற்கு முன் என்ன பெயர் என்று மூன்று செய்திகள் சொல்கிறேன்.

பிரெஞ்சு நாடாய்வாளர் ஷாம்ப்ளேன் 1609இல் வந்தார், ஏரிக்குத் தன் பெயரையே வைத்தார். 1679 ஆகஸ்ட் 12இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் லா சால் டெட்ராய்ட் பக்கம் ஓர் ஏரிக்குள் கப்பலை விட்டார், அன்று புனித கிளாராவின் திருநாள், அதனால் அது செயின்ட் கிளேர். 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய' கதைதான்! சுப்பீரியர் என்றால் மேலே இருக்கும் ஏரி, அவ்வளவே. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களுக்கு அது கிச்சிகமி, பெருங்கடல்.

சரி, விஸ்கான்சின் வடக்கே லாக் டு ஃபிளாம்போவுக்கு வாருங்கள். பனி உருகியதும் வால்ஐ மீன் முட்டையிடக் கரையோரம் வரும். ஓஜிப்வேக்கள் இரவில் தோணியில் பிர்ச் மரப்பட்டைப் பந்தம் கொளுத்திப் போவார்கள். அந்த மீனின் கண் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும், மின்னிய இடத்தில் ஈட்டியை இறக்குவார்கள். இதைப் பார்த்த பிரெஞ்சு வணிகர்கள் லாக் டு ஃபிளாம்போ, அதாவது தீப்பந்த ஏரி என்றார்கள். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வாஸ்வாகனிங், பந்த வெளிச்சத்தில் மீன் குத்தும் இடம்!

கேளுங்கள், கதை முடியவில்லை. 1837, 1842இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்த ஓஜிப்வேக்கள் மீன்பிடி உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். மாநில அரசு அதை மதிக்கவில்லை, ஈட்டியோடு போனவர்களைப் பிடித்தது, 1983இல்தான் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமை செல்லும் என்றது. அப்புறம் என்ன ஆயிற்று? எண்பதுகளின் கடைசியில் வசந்த இரவுகளில் படகுத்துறையில் கும்பல் கூடி, மீன் குத்தப் போனவர்கள்மேல் கல்லெறிந்தது, வாயில் வராத வசையெல்லாம் பேசியது. ஏரியின் பெயரே அவர்கள் பிடித்த பந்தத்தால் வந்தது, அந்த வேலையைச் செய்ததற்கா கல்? ஒண்ட வந்த பிடாரி, ஐயா! அவர்கள் விடவில்லை, மறு வருஷமும் போனார்கள்.

நாமும் இங்கே ஒண்ட வந்தவர்கள்தான். ஊர்ப் பிடாரியின் பெயரையாவது நம் பிள்ளைகள் சொல்ல வேண்டாமா? மினியாபொலிஸில் கால்ஹூன் ஏரிக்கு 2018இல் பிடே மகா ஸ்கா என்ற டகோட்டா பூர்வகுடிப் பெயர் திரும்ப வந்தது, 2020இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. கேட்டவர்கள் விடாமல் கேட்டார்கள், அதனால் வந்தது.

முதல்வர் அம்மா, தமிழ்ப்பள்ளிச் சுவரில் தொங்கும் ஏரி வரைபடத்தில் ஓஜிப்வே, டகோட்டா பெயர்களையும் தமிழில் எழுதி ஒட்ட அனுமதி கொடுங்கள். சரியான உச்சரிப்பை அந்த மக்களிடமே கேட்டு எழுதுவோம். வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறேன், இந்த வேலைக்கு வர விருப்பமுள்ள பெற்றோர் சாப்பிடப் போகுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.