பன்னருவாளில் கல் படவேண்டிய பக்கம்

பால்மாடு வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

கோ-4 என்கிற தீவனப்புல் போட்டவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். முதல் அறுப்பு 75, 80 நாளில் நன்றாக வருகிறது. அதன்பிறகு 45 நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய துளிர் பின்தங்குகிறது. உரமும் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். முதலில் அருவாளை எடுத்துப் பாருங்கள். மழுங்கின அருவாளில் புல்லின் தட்டு, அதாவது தண்டு, கிழிபடும், அறுபடாது. இழுக்க இழுக்கத் தூர் அசைந்துவிடும். அடிக்கட்டை பிளந்து, தண்ணீர் இறங்கி அழுகும்.

பன்னருவாள் என்கிற பல் வைத்த அருவாளுக்குப் பல் இரண்டு பக்கமும் இல்லை. ஆசாரி ஒரு முகத்தில் மட்டும் உளி வைத்து வரிவரியாக வெட்டியிருப்பார். வரிகள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் அது கொத்துவதற்கு ஆகாது, இழுத்துத்தான் அறுக்கவேண்டும். மறுமுகம் வழவழப்பான சரிவு. அந்தச் சரிவு வரிகளைத் தொடுகிற விளிம்பில்தான் பல் நிற்கிறது.

ஆகவே கல் படவேண்டியது வழவழப்பான பக்கம்தான். நகத்தை வைத்து நிரடிப் பாருங்கள். நிரடினால் அது வரிப்பக்கம், அதை விட்டுவிடுங்கள். கல்லை நனைத்து, பழைய சரிவோடு படியவைத்து, பிடியிலிருந்து முனைவரை ஒரே போக்கில் தேயுங்கள். வரிப்பக்கம் லேசாகப் பிசிறு தட்டினால், அந்தப் பக்கம் ஒரே ஒரு இழுப்பு போதும். அங்கே அழுத்தித் தேய்த்தால் வரி மறைந்து, அருவாள் தட்டில் வழுக்கி விரலில் இறங்கும். வரி தேய்ந்தே போயிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பல் வெட்டவேண்டும். வேறு வழியில்லை.

இப்போது கைமெஷினில் தீட்டித் தருகிறார்கள். சீக்கிரம் முடிகிறது, சரி. ஆனால் அறுக்கும் விளிம்பான வாயோரம் நீலம் பூத்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி சூடு கண்டு, தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கியெடுத்து ஏற்றின கெட்டி, இறங்கிவிட்டது என்று பொருள். துடைத்தால் நிறம் போகும், போன கெட்டி திரும்பாது. பட்டறையில் தோய்த்தபின் மறுபடி லேசாகச் சூடேற்றி, வாயோரம் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவது இதற்காகத்தான்.

மேல்நாட்டார் நின்றபடி இரண்டு கையால் வீசி அறுக்கும் நெடுங்காம்பு அருவாளைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் கூடாது என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். அதன் வாயைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தாள்போல மெலிதாக்குவார்கள். மெல்லிய புல்லை அது வழித்தெடுக்கும். கட்டைவிரல் தடிமன் சோளத்தட்டில் அந்த வாய் மடிந்துபோகும். காங்கயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப்புல்லுக்கு அது ஒத்துவரலாம். ஆனால் அது கல் நிறைந்த நிலம், போதாததற்கு அங்கே மாடே மேய்ந்துகொள்கிறது!

புதிதாக வாங்கும்போது எடை பார்த்து ஏமாறாதீர்கள். லாரிப் பட்டையில் (லாரியின் அடியில் இருக்கும் வில்பட்டை) அடித்ததா, சாதாரணத் தகட்டில் அடித்ததா என்று கேளுங்கள். பட்டை இரும்பில் கரி (கார்பன்) அரை சதவீதத்துக்கு மேல் இருப்பதால் தோய்ச்சல் பிடிக்கும், தகட்டில் பிடிக்காது. கையோடு சின்ன அரம் ஒன்று கொண்டுபோய் வாயோரம் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கெட்டி. கடித்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.