வெற்றிட ஆற்றல் ஈர்க்காமல் ஏன் தள்ளுகிறது?

காசிமிர் விளைவு, அதாவது வெற்றிடத்துல ரொம்பக் கிட்ட வெச்ச ரெண்டு உலோகத் தகடு ஒண்ணையொண்ணு இழுக்கறது, அதைப் பத்திப் பேசினப்போ வெற்றிடத்துக்கும் ஆற்றல் உண்டுன்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு ஒரு நேயர், "சார், ஆற்றல்னா ஈர்க்கத்தானே செய்யணும்? டார்க் எனர்ஜி மட்டும் எப்படித் தள்ளுது?"ன்னு கேட்டிருக்காரு. டார்க் எனர்ஜிங்கறது பிரபஞ்சத்தோட விரிவை வேகப்படுத்தற ஏதோ ஒண்ணு. அது இந்த வெற்றிட ஆற்றலாத்தான் இருக்கும்ங்கறது முக்கியமான யூகம். ரொம்ப சந்தோஷமாயிடுச்சு எனக்கு. சாப்பிடும்போதுகூட இதே நினைப்புதான்.

நியூட்டன் கணக்குப்படி அவர் கேட்டது நூத்துக்கு நூறு சரி. ஐன்ஸ்டைன் கணக்குல அடர்த்தியோட அழுத்தமும் சேரும். அழுத்தத்தை மூணால பெருக்கி அடர்த்தியோட கூட்டணும். கூட்டுத்தொகை மைனஸ்ல போனா ஈர்ப்பு தள்ளுற மாதிரி ஆகி, பிரபஞ்சத்தோட விரிவு வேகமெடுக்கும்.

வெற்றிடத்துக்கு அழுத்தம் ஏன் மைனஸ்? சைக்கிள் பம்பை எடுத்துக்குங்க. உள்ள காத்து இருந்தா பிஸ்டனை வெளிய தள்ளும், தள்ளத் தள்ள அதோட ஆற்றல் குறையும். இப்போ காத்துக்குப் பதிலா உள்ள வெற்றிட ஆற்றல் மட்டும் இருக்கு, வெளிய அதுவும் இல்லைன்னு வைங்க. பிஸ்டனை இழுக்கறீங்க. உள்ள இடம் கூடுது, ஆனா அடர்த்தி மாறல. அப்போ மொத்த ஆற்றல் கூடிடுச்சே, எங்கேருந்து வந்துச்சு? இழுத்த கையிலேர்ந்து! அப்படின்னா உள்ள இருக்கறது பிஸ்டனைத் திரும்ப இழுக்குது. அதுதான் மைனஸ் அழுத்தம், அளவுல அடர்த்திக்குச் சமம். அடர்த்தி ஒண்ணுன்னா அழுத்தம் மைனஸ் ஒண்ணு, மூணால பெருக்கினா மைனஸ் மூணு. ஒண்ணுல மூணு போனா மைனஸ் ரெண்டு.

ஒண்ணு கவனிங்க, நேரடியா அழுத்தம் எதையும் தள்ளல. எல்லா இடத்துலயும் ஒரே அழுத்தம் இருந்தா எதுவும் நகராது. தள்ளுறது அந்த அழுத்தத்தோட ஈர்ப்பு விளைவு. இதைப் பல தடவை சொல்லியிருக்கேன், இன்னும் சொல்வேன். ஏன்னா எல்லாரும் வழுக்கற இடம் இதுதான்.

ஆனா என்னைக் கேட்டா, ஏன் இவ்வளவு கொஞ்சமாத் தள்ளுதுங்கறதுதான் பெரிய கேள்வி. பிரபஞ்சத்தோட ஆற்றல்ல 68 சதவீதம்னாலும், ஒரு கன மீட்டருக்கு மூணு நாலு புரோட்டான் நிறைதான் தேறும். குவாண்டம் கணக்கை பிளாங்க் அளவு வரைக்கும், அதாவது நம்ம இயற்பியல் செல்லுபடியாகும்னு நினைக்கற மிகச் சின்ன நீளம் வரைக்கும் போட்டா, 1-க்குப் பின்னாடி 120 சைபர் போட்ட மடங்கு அதிகமா வருது! குவாண்டம் இயற்பியலாளர் பௌலி இதைவிட ரொம்ப முன்னாடியே நிறுத்தி, எலக்ட்ரான் ஆரம் வரைக்கும் மட்டும் கணக்குப் போட்டாராம். அப்பவும் பிரபஞ்சம் நிலா வரைக்கும்கூட எட்டாதுன்னு வந்துச்சாம்.

இதுக்கு ஒரு தீர்வு சொன்னாங்க. துகள்கள் ரெண்டு வகை: எலக்ட்ரான் மாதிரி ஃபெர்மியான், ஒளித்துகள் மாதிரி போசான். ஒவ்வொண்ணுக்கும் மத்த வகையில ஒரு ஜோடி உண்டுங்கறதுதான் சூப்பர்சிமெட்ரி. அது இருந்தா போசானோட வெற்றிட ஆற்றலும் ஃபெர்மியானோட வெற்றிட ஆற்றலும் பிளஸ் மைனஸா அடிபட்டுப் போகும். எவ்வளவு அழகான யோசனை! ஆனா முழுசா அடிபடணும்னா எலக்ட்ரானுக்கு அதே நிறையில ஒரு ஜோடி இருக்கணும். அப்படி ஒண்ணு இருந்திருந்தா எப்பவோ சிக்கியிருக்கும். அதைவிடக் கனமான ஜோடிகளும் ஜெனீவா பக்கத்துல துகள்களை மோதவிடற எல்எச்சி-ல இதுவரைக்கும் சிக்கல.

இப்போ இன்னொரு பரபரப்பு. அமெரிக்காவுல அரிசோனா கிட் பீக் ஆய்வகத்துல இருக்கற, பிரபஞ்ச விரிவை அளக்கற டெசி கருவியோட குழு, 2025 மார்ச்ல 1.4 கோடிக்கும் மேலான கேலக்ஸிகளையும் குவாசார்களையும் (ரொம்ப தூரத்துல பிரகாசமா இருக்கற கேலக்ஸி மையங்கள்) வெச்சு முடிவு வெளியிட்டாங்க. மத்த தரவுகளோட சேர்த்துப் பார்த்தா டார்க் எனர்ஜி வலு குறையற மாதிரி தெரியுது. இது தற்செயல் இல்லைங்கறதுக்கான உறுதியை சிக்மாவுல அளப்பாங்க. எந்தத் தரவைச் சேர்க்கறோம்ங்கறதைப் பொறுத்து 2.8-லேர்ந்து 4.2 சிக்மா வரைக்கும் வருது, கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 வேணும். உறுதியானா, மாறாத வெற்றிட ஆற்றல்ங்கறது போதாது, மெதுவா மாறற ஒரு புலம் வேணும். குவின்டெசன்ஸ்னு அதுக்குப் பேரு. அதைப் பத்தி யாராவது கேளுங்க, அடுத்த வாரம் முழுக்க அதையே பேசலாம்.